ஒரு இடத்தில் மட்டும் தெரிந்த கடன்

இந்தக் காலத்தில் ஒருவன் நல்லவனா என்று பக்கத்து வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை. கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள். அது ஒரு நம்பரைத் துப்புகிறது. அதை நம்பிக் கடன் கொடுக்கிறவர்கள், நாளைக்குப் பெண்ணையும் கொடுப்பார்கள்.

என் மகள் தையல் கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டாள். பேங்கில், உங்களுக்குக் கடன் மதிப்பெண் போட முடியவில்லை என்று சீட்டு கொடுத்தார்கள். மிஷின் கோளாறு என்று தூக்கிப் போட்டோம். அடுத்துப் போன ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த சீட்டில் மதிப்பெண் வந்தது, படுமட்டமாக. ஏற்கெனவே வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லையாம். அவள் யாரிடமும் கைநீட்டியதே இல்லை.

மருமகன் சட்டென்று என் மகனைக் கைகாட்டினார். அக்காவின் அடையாள அட்டை, பத்திரமெல்லாம் அவன் பொறுப்பில் இருந்ததாம். எட்டு மாதத்துக்கு முன்னால் சண்டை போட்டு வெளியூர் போனவன் அவன். ஆபீஸ் வேன் ஓட்டுகிறான். புகாரில் பெயர் ஏறினால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

மகனையும் வரவழைத்து, காலை பத்தரைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். கடனின் முழு விவரம் வர ஒரு வாரமாகும் என்றார்கள். மருமகனோ புகாரை இன்றைக்கே எழுதுங்கள் என்று நின்றார். இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே மருமகனிடம் கேட்டார்.

"எப்ப வாங்கியிருப்பான்?"

"ஊரை விட்டுப் போறதுக்கு முந்தின வாரம் மேடம். அப்ப அவ போன் அவன் கையிலதான். அன்னைக்குப் போனவன் இன்னைக்குத்தான் இந்தப் பக்கமே வர்றான்."

மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னா யார் நம்புறா என்று மட்டும் முனகினான்.

இன்ஸ்பெக்டர் மகளிடம் திரும்பினார். அதற்கப்புறம் போன் வேறு யாரிடமாவது இருந்ததா என்று கேட்டார். நாலு மாதத்துக்கு முன்னால் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுக்காரரிடம் இருந்தது என்றாள்.

"பேங்க் மிஷின் கோளாறு இல்லம்மா. ஆறு மாசமாவது ஆன கடன் கணக்கு இருந்தாத்தான் அவங்க முறையில மதிப்பெண் வரும். ஃபைனான்ஸ்காரங்க முறைக்கு ஒரு மாசம் போதும். எட்டு மாசத்துக் கடன்னா ரெண்டு இடத்துலயும் மதிப்பெண் வந்திருக்கணும். ஒண்ணுலதான் வந்திருக்கு. அப்ப ஆறு மாசத்துக்குள்ள வாங்கினது. உங்க தம்பி ஊர்லயே இல்லை, அதை இவரே சொல்லிட்டார். கடனுக்கு உங்க போனுக்கு வர்ற ரகசிய எண் வேணும்." மருமகனைப் பார்த்தார். "பணம் எந்தக் கணக்குல விழுந்துச்சுன்னு நீங்க சொல்றீங்களா, நான் கேட்டு வாங்கட்டுமா?"

"ஷேர்ல போட்டேன்," என்றார் மருமகன். "ஒரே மாசத்துல எடுத்துடலாம்னுதான்..."

மகள் அழவில்லை. எழுந்து வந்து தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு ஒன்று பொறுக்கவில்லை. ஒரே பொண்ணு, இரண்டு தீர்ப்பு. எது நிஜம் என்று கேட்டேன்.

"ரெண்டுமே நிஜம்தான் பெரியவரே. ஒவ்வொருத்தர் முறை ஒவ்வொரு மாதிரி. அதனாலதானே உங்க மகன் தப்பிச்சார்?" என்று சிரித்தார். "உங்களுக்கும் ஒரு மதிப்பெண் இருக்கும். பார்த்துச் சொல்லட்டுமா?"

"அந்தக் கம்ப்யூட்டருக்கு என்னைப் பத்தி என்னம்மா தெரியும்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.