வெறும் தட்டு

யூனிஸின் அப்பா சில்வெஸ்டருக்கு இனிப்பு என்றால் உயிர். இப்போது அந்த இனிப்பே அவர் உயிருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது.

சென்ற வருடம் ஷூ கடித்து அவர் காலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். கடைசியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"இனிப்பு, பன், பிஸ்கட் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடணும். இன்னொரு புண் வந்தா காலையே எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொன்னபோது யூனிஸ் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பத்து வயதில் கேட்கக் கூடாத பேச்சு அது.

அன்றிலிருந்து அம்மா நோரா காபியில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். மூன்று கரண்டி இரண்டானது, பிறகு ஒன்றானது. மாலையில் பன் போய்ச் சுண்டல் வந்தது.

"இன்னா நோரா, காபியா இது? கஷாயத்துக்குத் தங்கச்சி மாதிரி இருக்குது" என்பார் அப்பா. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தும் விடுவார்.

வாரம் ஒருமுறை அம்மா கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் அப்பாவின் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவாள். வீடே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். செங்கல் நிறமானால் சர்க்கரை அதிகம், பச்சையானால் குறைவு. டிசம்பர் தொடக்கத்தில் முதன்முதலாகப் பச்சை வந்தது. பந்தயத்தில் ஜெயித்த கோப்பை போல அப்பா அந்தக் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் வியாதி வெளியே தெரியக் கூடாது என்பது அவர் கட்டளை. "ஃபேக்டரியில தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. யார் கேட்டாலும் கால்ல இரும்பு வுழுந்திடுச்சுன்னு சொல்லு." பெங்களூரில் அவர்கள் குடியிருந்த மர்பி டவுன் முழுக்க அதை நம்பியது.

1958 கிறிஸ்துமஸ் வந்தது. அம்மா முறுக்கு மட்டும் சுட்டாள். யூனிஸ் தட்டுகளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது அந்தத் தெருவில் மரியாதை இல்லை. வேறொன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது வைப்பார்கள். எல்லாத் தட்டுகளும் சர்க்கரையோடு வீடு திரும்பின. சிலவற்றில் மைசூர்பாகும் இருந்தது.

"பண்டிகைதானே" என்றார் அப்பா. மறுநாளும் அதையே சொன்னார். அம்மா ஒளித்துவைத்த இடமெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்தது.

அந்த வாரம் குழாய் செங்கல் நிறமானது. அப்பாவின் காலில் ஒரு கொப்புளமும் வந்திருந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். யூனிஸுக்கு அப்பாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புத்தாண்டுக்கு மீண்டும் தட்டுகள் கிளம்பின. எதிர்வீட்டு யசோதா அத்தை முறுக்கை எடுத்துக்கொண்டு சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

"சர்க்கரை வேண்டாம் அத்தை."

"வெறும் தட்டு எப்படிம்மா குடுக்கிறது?"

"உங்க மரத்துக் கறிவேப்பிலை ஒரு கொத்து வைங்க."

அத்தை அவள் முகத்தையே பார்த்தாள். "அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியா?"

இரும்பு என்று சொல்ல யூனிஸ் வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரும் யாருக்கும் சொல்லாதேன்னார். நானும் சொல்லல. எல்லாரும் ஆசையா ஸ்வீட் குடுத்தாங்க" என்றாள் அத்தை. "அவர் செத்தப்புறம் அதே ஜனங்க, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டாங்க."

அதன்பின் யூனிஸ் எந்த வீட்டிலும் மறைக்கவில்லை. கறிவேப்பிலையும் கடலையும் முட்டையும் வந்தன.

அப்பா தட்டுகளைப் பார்த்தார். "யார்கிட்ட சொன்னே?"

"எல்லார்கிட்டயும்."

அவர் கையை ஓங்கினார். "வேலை போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்றது?"

"கால் போச்சுன்னா மட்டும் வேலை இருக்குமாப்பா?"

ஓங்கிய கை இறங்கியது. ஆனால் அன்றிலிருந்து அவர் யூனிஸோடு பேசவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் "வரேன்பா" என்றால், சுவரைப் பார்ப்பார்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஃபேக்டரி நண்பர் அப்பாதுரை அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அப்பா அதை வாங்கவில்லை.

"எடுத்துக்கினு போயிடு அப்பாதுரை" என்றார் அப்பா. "எனக்குச் சர்க்கரை வியாதி. விரல் போனதும் அதனாலதான்."

நாளை ஃபேக்டரியில் என்ன ஆகுமோ, யாருக்கும் தெரியாது. அப்பா பல நாள் கழித்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"யூனிஸ், மாமாவுக்குக் காபி கொண்டா. எனக்கும்தான். என்னுதுல சர்க்கரையே வேணாம்."