சினைமானி சொன்ன வயது

கண்ணாடிக் கூண்டுக்குள் போகும்போது கொளஞ்சி கிழவியாக இருந்தாள். வெளியே வந்தபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு.

சற்று முன்பு, "பாத்து உக்காரு ஆயா" என்று நாற்காலியை இழுத்துப் போட்ட அலுவலர் ரெஜினா, சீட்டைப் படித்துவிட்டு, "எந்திரிம்மா, இது வயசானவங்க நாற்காலி" என்றார்.

கொளஞ்சி எழுந்தாள். முட்டி சடக்கென்றது.

செங்கல் சூளையில் அறுபது முடிந்தால் தலைச்சுமை கிடையாது. நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைதான். அறுபது முடிந்துவிட்டது என்று காட்டும் சீட்டுக்காகத்தான் வந்திருந்தாள். பெண் உடம்பில் முதலில் மூப்படைவது சினைப்பை. அது ஓய்ந்த பிறகே எலும்பும் இதயமும் தளர்கின்றன. அதனால் பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாத பெண்களுக்கு இனி சினைப்பையை அளக்கும் இந்தக் கூண்டு, சினைமானி, சொல்வதுதான் வயது என்று சட்டம் வந்துவிட்டது. பழைய அட்டைகளில் குத்துமதிப்பாக எழுதிய வயது செல்லாது.

"தானே புயல் அடிச்சுதே மேடம், அந்த வருசந்தான் நான் பெரியவளானேன். அதுக்கே அம்பது வருசம் ஆவுது."

"புயல் வந்து சாட்சி சொல்லுமா? சினைகாப்பு ஊசி போட்டுக்கிட்டியா?"

"சூளைக்கு வந்து வருசா வருசம் போட்டாங்க. நல்லதுன்னாங்க."

நல்லதுதான். எலும்பு முறியவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. மாதாமாதம் வருவதும் நிற்கவில்லை. சினைப்பை மட்டும் முப்பத்து நான்கிலேயே நின்றுகொண்டது, கொளஞ்சியை விட்டுவிட்டு.

"அப்ப முட்டி வலிக்கிறது யாருக்கு மேடம்?"

ரெஜினா திரையைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார்.

பின்னால் நின்ற மகனைக் கொளஞ்சி முன்னே இழுத்தாள். பெயர் பாவாடை, நாற்பத்து நான்கு வயது, நரைத்த மீசை. சூளையிலேயே பிறந்தவன், அவனுக்கும் காகிதம் கிடையாது.

"நான் முப்பத்து நாலுன்னா இவன் எப்படி வந்தான்?"

"நெசமாவே நீ பெத்தவன்தானா?"

"பின்ன, களிமண்ணுல புடிச்சு வெச்சேனா?"

ரெஜினா சிரித்துவிட்டார். இருவருடைய எச்சிலையும் எடுத்து மரபணுப் பெட்டியில் வைத்தார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பெற்ற தாய், சந்தேகமே இல்லை.

"பாத்தீங்களா?" என்று கொளஞ்சி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அச்சுப்பொறி இரண்டாவதாக ஒரு சீட்டைத் தள்ளியது. ரெஜினா அதை இரண்டு முறை படித்தார்.

"தாய்க்கு முப்பத்து நாலு. பதினெட்டுக்கு முந்தி புள்ள பெத்ததா மெஷின் எழுதாது. அதனால... இவருக்குப் பதினாறு."

"பதினாறா? எனக்கா?" பாவாடை மீசையைத் தொட்டுப் பார்த்தான். "மேடம், இது நரைச்சுப் போச்சு."

"மீசைக்கு இதுல கட்டம் இல்லப்பா. பதினெட்டு ஆகற வரைக்கும் நீ சூளைப் பக்கம் போகக் கூடாது. போனா முதலாளியப் புடிச்சு உள்ள வெச்சிருவாங்க. அதுவரைக்கும் உங்கம்மாதான் உழைச்சு உன்னக் காப்பாத்தணும்."

ஓய்வு கேட்டு வந்தவள் தலையில் மகனுடைய கல்லும் ஏறியிருந்தது. எந்த இடத்தில் தப்பு நடந்தது? அவள் சொன்னது எல்லாமே உண்மை.

ரெஜினாவின் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. "தம்பிக்குப் புள்ளைங்க இருக்கா? இருந்தா அவங்க வயசையும் இதோட சேத்துத் திருத்திடலாம்."

பாவாடையின் மகள் செவந்திக்கு வரும் ஆவணியில் கல்யாணம். அவன் வாயைத் திறந்தான். கொளஞ்சி அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"பதினாறு வயசுப் பையனுக்கு ஏது மேடம் புள்ள?"