ஆளில்லாத இடத்தில் நின்ற வண்டி

அன்று அந்தக் கட்டுமானத் தளத்தின் சரளை மேட்டருகே இருந்தவர்கள் ஐந்து பேர். ஒப்பந்தக்காரனான மூத்தவன். சரளை அள்ளும் லோடர் வண்டி ஓட்டிய அவன் தம்பி, இளையவன். இந்த இருவருக்கும் நடுவில் பிறந்தவளைக் கட்டிய மாப்பிள்ளை. தளத்து மேற்பார்வை அவர் பொறுப்பு. வண்டி பின்னால் வரும்போது கொடி காட்டுகிற பெரியவர். அவரை எல்லோரும் விசில் என்றே அழைப்பார்கள். லோடரில் மோதல் தடுப்புக் கருவியைப் பொருத்திய கேமராக்காரன். ஆறாவதாக ஒருவன் ஓடியதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். ஆறாவது ஆள் கிடையாது.

அண்ணன் தம்பி இருவருக்கும் நான் சித்தப்பா. நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் என் முன்னால் நின்று சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு விசில் பெரியவரின் அலறல் கேட்டது. லோடரின் பின் சக்கரத்தை ஒட்டி மாப்பிள்ளை கிடந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. பேச்சில்லை. விரிசல் விட்ட மஞ்சள் ஹெல்மெட் ஒன்று சரளையில் உருண்டு கிடந்தது. அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட ஒட்டுத்தாள்.

குழப்பம் அங்கேதான் தொடங்கியது. அந்த வண்டி ஆளை மோதவே கூடாது. அதன் முதுகிலும் இரு பக்கமும் கேமராக்கள். மனிதர் யாராவது குறுக்கே வந்தால், ஓட்டுகிறவர் தூங்கினாலும் கருவி தானே பிரேக் பிடித்துவிடும். அன்று காலையிலேயே விசிலுக்காக நின்றிருக்கிறது. மாப்பிள்ளைக்கு மட்டும் நிற்கவில்லை.

இரண்டு மணிக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். குட்டையான உருவம், அதிகம் பேசாத வாய். கருவியை அணைக்கும் பொத்தானை முதலில் பார்த்தார். அதன் மேல் ஒட்டிய முத்திரை கிழியாமல் இருந்தது. ஜீப்பிலிருந்து ஆளுயரப் பொம்மை ஒன்றை இறக்கி, சட்டையும் வெள்ளை ஹெல்மெட்டும் மாட்டி, வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். இளையவன் வண்டியைப் பின்னால் எடுத்தான். பொம்மைக்கு ஒரு கை தூரம் இருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. மறுபடியும் செய்து பார்த்தார். மறுபடியும் நின்றது.

"கருவி நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆய்வாளர், ஏமாந்தவர் போல.

"பொருத்தினதோட சரிம்மா. அதுக்கப்புறம் அதுல நான் எந்த மாத்தமும் பண்ணல," என்றான் கேமராக்காரன், கேட்காமலேயே. மூத்தவன் தகரக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசிலை ஆய்வாளர் தனியே அழைத்தார்.

"காலையில என்ன நடந்தது?"

"சண்டைம்மா. மாப்பிள்ளை கொட்டகையிலேருந்து வெறுந்தலையோட வெளிய வந்தாரு. 'இவ்வளவு பெரிய கருவி வாங்கிப் போட்டும் ஆமை மாதிரி கழுத்த நீட்டி நீட்டிப் பாத்து ஓட்டுறியே மச்சான், யாராச்சும் பாத்தா சிரிக்க மாட்டாங்களா'ன்னாரு. தம்பிக்கு ரோஷம் வந்துடுச்சு."

"என்ன சொன்னார்?"

விசில் தலையைச் சொறிந்தார். "ஒருநாள் பின்னால வந்து நில்லுங்கத்தான், அப்பத் தெரியும்னு சொன்னாரு. கோவத்துல சொன்னதும்மா. அதை எழுதிக்காதீங்க."

"வேற?"

"அந்த வண்டிக்குப் புத்தி பிசகிடுச்சும்மா. சண்டைக்கு அப்புறம், பின்னால ஈ காக்கா இல்ல, நான் ஓரமா கொடி பிடிச்சு நிக்கிறேன், படக்குனு நின்னுச்சு. ஆள் இல்லாத எடத்துல நின்ன வண்டி, ஆள் இருந்த எடத்துல நிக்கல. என்னன்னு சொல்ல?"

"இதுக்கு முன்னால அப்படி நின்னிருக்கா?"

"பொருத்தின புதுசுல நிக்கும். தம்பி தலைய வெளிய நீட்டினாப் போதும், பக்கத்துக் கேமரா அதையே ஆளுன்னு நெனச்சு பிரேக்கு போட்டுடும். 'ஓட்டுறவன் மூஞ்சியப் பாத்தே வண்டி பயப்படுது'ன்னு நாங்க சிரிப்போம். அப்புறம் அது தானாச் சரியாயிடுச்சு."

"தானா," என்றார் ஆய்வாளர்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. அக்காள் புருஷனை மச்சானே வண்டி ஏற்றிக் கொல்லப் பார்த்தான் என்று தளம் முழுக்கப் பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளையின் மனைவி மூத்தவனுக்குப் போன் செய்தாள். "அவருக்கு இன்னும் நெனவு வரலண்ணே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. தம்பி வேணும்னே செஞ்சானா? ஆமான்னா இனி எனக்குப் பொறந்த வீடு கெடயாது." "அப்புறம் பேசறேம்மா," என்று மூத்தவன் போனை வைத்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அதை அவன் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

இளையவன் வண்டிப் படியில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தான். ஆய்வாளர் எதிரில் வந்து நின்றார்.

"பின்னால ஏன் பாக்கல?"

"எப்பவும் பாப்பேன். இன்னைக்கு அத்தான் அப்படிச் சொன்னப்புறமும் தலைய நீட்டினேன். உடனே வண்டி நின்னுபோச்சு. அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. சரி, கருவியே பாத்துக்கட்டும்னு தலைய உள்ள வெச்சுக்கிட்டேன்."

"உங்க ஹெல்மெட் எங்கே?"

"அதோ, சரளையில கெடக்குதே, அதான். சண்டை போடுறப்பவே அத்தான் வெறுந்தலையா நின்னாரு. மேற்பார்வையாளரே இப்படி நின்னா மத்தவன் என்ன செய்வான்னு என்னோடதக் கழட்டித் தலையில மாட்டிவிட்டேன். சண்டை வேற, தலை வேற. அக்காவுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"அந்தக் கட்டம் போட்ட ஒட்டுத்தாள்?"

"அண்ணன் ஒட்டச் சொன்னாரு. ஓட்டுநருக்கு அடையாளம்னு."

ஆய்வாளர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் வெள்ளை ஹெல்மெட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்து, விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்தார். தூசியைத் தட்டிப் பொம்மையின் தலையில் மாட்டினார்.

"பின்னால எடுங்க."

லோடர் நகர்ந்தது. பொம்மையை நெருங்கியது. நிற்கவில்லை. பொம்மை சக்கரத்தில் பட்டுக் கவிழ்ந்தது. இளையவன் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான்.

விசில் ஓடி வந்து பொம்மையைத் தூக்கி நிறுத்தினார்.

"கருவி கெட்டுப்போகல," என்றார் ஆய்வாளர். "சொல்லிக்கொடுத்தபடி நடந்திருக்கு. ஓட்டுநர் தலைய நீட்டினா வண்டி நிக்குது, வேலை கெடுது. அதனால இந்தக் கட்டம் போட்ட தலைய மட்டும் கணக்குல எடுக்காதேன்னு யாரோ அதுக்குப் பழக்கிட்டாங்க. அந்தத் தலை வண்டிக்குள்ள இருக்கிறவரைக்கும் ஆபத்து இல்ல. இன்னைக்கு அது எறங்கி வந்து பின்னால நின்னுச்சு. வண்டிக்கு அவர் ஆளே இல்ல. கட்டம் இல்லாத வெறுந்தலை உள்ளேருந்து எட்டிப் பாத்துச்சு. அதை ஆளுன்னு நெனச்சு நின்னுச்சு. விசில் சொன்ன ரெண்டும் ஒரே விஷயம்தான். தானாச் சரியாச்சுன்னாரே, அங்கதான் எனக்கு இடிச்சுது. இந்தக் கருவி எதுவும் தானா மாறாது." அவர் கேமராக்காரன் பக்கம் திரும்பினார். "மாத்தம் பண்ணலன்னு பொய் சொன்னது நீங்க. பண்ணச் சொன்னது யாரு?"

கேமராக்காரன் தன் செருப்பைப் பார்த்தான்.

"அவன் சொல்ல மாட்டான். நான்தான் சொன்னேன்," என்றான் மூத்தவன். குரல் தாழவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை தரம் நின்னு தொலைக்கும்? வேலை முடிய வேணாமா? மத்தவங்களுக்குச் சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான். ஹெல்மெட் கைமாறும்னு எனக்குத் தோணல."

"நான் முதல்ல வந்தப்பவே சொல்லியிருக்கலாமே?"

"தம்பி தலைக்குத்தானே பண்ணினோம், இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நெனச்சேன்." அவன் நிறுத்தினான். "இல்ல. சம்பந்தம் இருக்குமோன்னு பயம் இருந்துச்சு. அதான் சுவரப் பாத்துட்டு நின்னேன்."

அங்கேயே, ஆய்வாளருக்கு எதிரிலேயே, தங்கைக்குப் போன் செய்தான். "தம்பி இல்லம்மா. நான்," என்றான்.

மாப்பிள்ளைக்கு மறுநாள் நினைவு வந்தது. கால் தப்பியது, இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். மூத்தவன் மேல் வழக்கு நடக்கிறது. வக்கீல் எத்தனையோ வழி சொல்லியும், கேமராக்காரன் மேல் முழுப் பழியையும் போட அவன் ஒப்பவில்லை. அந்த அளவுக்காவது எங்கள் குடும்பத்துக்கு மரியாதை மிச்சம் இருக்கிறது. அந்த ஒட்டுத்தாளை இளையவனே சுரண்டி எடுத்தான். இப்போது அவன் தலையை நீட்டுகிற ஒவ்வொரு முறையும் வண்டி நிற்கிறது, யாரும் சிரிப்பதில்லை.

மச்சான் அத்தானைக் கொல்லப் பார்த்தான் என்று இன்னும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். அவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்தான்.