யாரும் வீட்டுக்குப் போகக் கேட்பதில்லை

பார்வையாளர் நேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். நான் இருபது நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். முதியோர் இல்லத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு, வரவேற்பறையில் மற்றக் குடும்பங்களோடு உட்கார்ந்தேன். நல்ல வெயில். கண்ணாடிக் கதவு, துடைத்த தரை, பினாயில் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ஈரத் துணியைப் பல நாள் மூடி வைத்ததுபோல.

என் மனைவி இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மூளையில் ரத்தக் கசிவு. மூன்றே நாள். அவளுடைய அம்மா இங்கே பதினோராம் அறையில் இருந்தார். மகள் இறந்தது அவருக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். வேலை விஷயமாக வெளிநாடு போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம்.

நான் அத்தையை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தேன். கடைசி மாதம் முழுவதும் மனைவி என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனவன் நான்.

"புதுசா?" என்றாள் எதிரே இருந்த பெண். மடியில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"இல்ல. மாமியார் அஞ்சு மாசமா இருக்காங்க."

"அப்ப உங்களுக்கே தெரியும். தங்கமான இடம். எங்கப்பா கணக்கு வாத்தியார். வீட்ல இருந்தப்போ எந்த வேலைக்காரியும் ஒரு வாரம் தாங்கல. இங்க வந்து மூணு வாரத்துல பெட்டிப்பாம்பா அடங்கிட்டார்."

பக்கத்தில் இருந்த பருமனான ஆள் தலையாட்டினார். "எங்கம்மா மட்டும் என்ன? கூட்டிட்டுப் போடா, கூட்டிட்டுப் போடான்னு ஒரு நாளைக்குப் பத்து தடவ ஃபோன் பண்ணுவாங்க. இப்ப நானே பண்ணாக்கூட, அப்புறம் பேசு, ஆள் வந்திருக்குன்னு வச்சிடறாங்க."

"யார் வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"யார் வருவா? நான் ஒரே புள்ள. நானே மாசத்துக்கு ஒரு தடவதான் வர்றேன்."

"எங்கப்பாவும் அப்படித்தான்," என்றாள் ஆரஞ்சுப் பைக்காரி. "என் தம்பி தினமும் வர்றானாம். அவன் நாட்ட விட்டுப் போய் ஆறு வருஷமாச்சு. பஸ் ஏறி வர்ற நான் கண்ணுக்குத் தெரியல, வராத அவன்தான் உசத்தி. போகட்டும். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

எல்லோரும் சிரித்தார்கள்.

மேலாளர் ஐம்பது வயதுப் பெண். குரல் உயராது. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் மச்சானுக்கு ஃபோன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாப்பிள்ள, உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?" என்றது மச்சானின் குரல். "என் தங்கச்சியே போயிட்டா. இனிமே எங்கம்மாவுக்கு நீங்க யாரு?"

"மருமகன்."

"அது அவ இருந்த வரைக்கும்."

மேலாளர் ஃபோனை வைத்தார்.

"சண்டை வேண்டாம் தம்பி. இங்க விதி ஒண்ணுதான். போகணும்னு அவங்களே இந்த மேசைக்கு வந்து வாயால சொல்லணும். சொல்லிட்டா, பெத்த பிள்ளைகூடத் தடுக்க முடியாது."

"சொல்லுவாங்க."

"பத்து வருஷமா இருக்கேன். ஒருத்தரும் சொன்னதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீளமான நடைபாதை. இருபுறமும் அறைகள், பாதி திறந்த கதவுகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு கட்டில், கட்டிலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. ஒவ்வொருவரும் தங்கள் நாற்காலியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கடக்கும்போது பேச்சு நின்றது. கடந்ததும் தொடர்ந்தது.

உள்ளே போகப் போக ஈரத் துணி வாசனை கூடியது.

அத்தை தலை வாரி, நல்ல புடவை கட்டி, கட்டிலில் சாய்ந்திருந்தார். முன்பைவிடத் தெளிவான முகம். நான் நாற்காலியை இழுத்தேன்.

"அங்க உக்காராதீங்க மாப்பிள்ள."

கையை எடுத்தேன். விரல்களில் ஈரம்.

"அவ உக்காந்திருக்கா," என்றார் மெதுவாக. "பொண்டாட்டியாவே இருந்தாலும், மாமியார் முன்னாடி மடியில ஏறி உக்காருவாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"யாரு அத்தை?"

"நல்லா கேட்டீங்க. என் பொண்ணுதான். தினமும் வர்றா. நீங்கதான் எட்டிப் பாக்கறதில்ல."

இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. கட்டில் ஓரத்தில் முட்டி போட்டேன்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அவ..."

"செத்துட்டா. தெரியும்."

ஜன்னல் திறந்திருந்தது. திரை அசையவில்லை.

"அவளே சொன்னா, மொத நாளே. நீங்கெல்லாம் சேந்து அவள வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சீங்களே, அதையும் சொன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

எழுந்து ஓடியிருக்க வேண்டும். வந்த வேலையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

"வீட்டுக்குப் போலாம் அத்தை. அவ ஆசைப்பட்டது அதுக்குத்தான்."

அத்தை நாற்காலிப் பக்கம் சாய்ந்து காது கொடுத்தார். ரகசியம் கேட்பதுபோல இரண்டு முறை தலையாட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாசனை மட்டும் என் முகத்தருகே வந்தது.

"இப்ப எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறா."

"சொன்னேனே. அவ ஆசை."

மறுபடி காது கொடுத்தார். இம்முறை அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"ஆஸ்பத்திரில, மூணாம் நாள், மெஷின நிறுத்தினதுக்கு அப்புறம், நீங்க ஒண்ணு நெனச்சீங்களாம்."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லவேள, இனிமே அத்தையக் கூட்டிட்டு வர வேண்டியதில்லன்னு."

நினைத்தேன்.

ஒரு நொடி. அதற்கும் குறைவாக இருக்கலாம். யாரிடமும் சொன்னதில்லை. நான் நினைத்தபோது அவள் உயிரோடு இல்லை. அவளுக்குக்கூடத் தெரிந்திருக்க முடியாது. அந்த ஒரு நொடியைத் துடைக்கத்தான் நான் வந்திருந்தேன்.

"விடுங்க," என்று அத்தை என் கையைப் பிடித்தார். ஆறு வாரத்தில் என்னைத் தொட்ட முதல் கை. "நான் வர்றேன். அவளும் வர்றாளாம். அந்தத் துணிப் பைய எடுங்க."

எடுத்தேன்.

அறையை விட்டு வெளியே வந்தபோது எல்லாக் கதவுகளும் முழுதாகத் திறந்திருந்தன. நடக்க முடியாதவர்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்கு ஓரடி பின்னால் பார்த்தார்கள்.

"போகாத கண்ணு," என்றாள் ஒரு கிழவி, அந்த வெற்றிடத்தைப் பார்த்து. பருமனான ஆள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார். "நான் இங்கதாம்மா இருக்கேன்," என்றார் அவர். அவள் அவரைத் தள்ளிவிட்டாள்.

ஒரு கிழவர் என் மணிக்கட்டைப் பற்றினார். அவருக்குப் பின்னால் தரையெல்லாம் ஆரஞ்சு உருண்டது.

"என் பையன எங்கய்யா கூட்டிட்டுப் போற?"

அப்போதுதான் புரிந்தது.

கணக்கு வாத்தியாருக்கு மகன். அத்தைக்கு மகள். இத்தனை அறைகளிலும் உட்கார்ந்திருந்தது ஒன்றுதான்.

அது என் மனைவி அல்ல.

அத்தை என் கையை விடவில்லை. எண்பது வயதுப் பிடியாக இல்லை அது. மேசைக்கு முன்னால் நின்று தெளிவாகச் சொன்னார்.

"நாங்க வீட்டுக்குப் போறோம்."

மேலாளரின் பேனா நின்றது. அவர் அத்தையைப் பார்க்கவில்லை. அத்தைக்கும் எனக்கும் நடுவே பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறக்காமலே எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவை விரியத் திறந்து பிடித்தார். பத்து வருடம் அடக்கிய மூச்சை விடுகிறவர்போல இருந்தார்.

"கையெழுத்து?" என்றேன்.

"வேண்டாம். சீக்கிரம் போங்க தம்பி. திரும்பக் கூட்டிட்டு வந்துடாதீங்க."

வெளியே அதே வெயில். காரின் முன்கதவைத் திறந்தேன்.

"நாங்க பின்னாடி உக்காந்துக்கறோம்," என்றார் அத்தை.

பின்கதவைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்து, மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். நான் கதவைத் தள்ளப் போனேன்.

"இருங்க. என்ன அவசரம்?"

நின்றேன். இல்லத்துக்குள்ளிருந்து பலர் அழும் சத்தம் கேட்டது. வண்டி என் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது.

"இப்ப சாத்துங்க."

சாத்தினேன். முன்னால் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"பெல்ட் போட்டுக்குங்க அத்தை."

பின்னால் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

பிறகு, இன்னொன்று.