நாரைக்கும் லென்ஸுக்கும் நடுவே

லென்ஸ் வளையம் தானாகத் திரும்பி, பதினைந்து அடி என்ற எண்ணில் நின்றது. நாரையோ நூறு அடிக்கும் அப்பால், வரப்போரச் சேற்றில் நின்றுகொண்டிருந்தது.

சத்தியதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது கேமரா. முதலில் வாடகைக்கு எடுத்த கல்யாணக் கேமராவில் நாரை கொசுவாகத் தெரிந்தது. பாலராமபுரத்தில் இரவல் வாங்கியது பத்தே நிமிடத்தில் பேட்டரி செத்துப் படுத்துக்கொண்டது. புதிது வாங்க வருஷச் சம்பளம் காணாது. கடைசியில் பனச்சமூடு ஸ்டுடியோவில் ஈசாக் இதை எடுத்து நீட்டினான். நல்ல ஜூம், பாதி விலை. ஏன் இத்தனை மலிவு என்று கேட்டதற்கு அவன் ஒளிக்காமல் சொன்னான்.

“மரண வீட்டுக்கு மட்டும் எடுத்ததாக்கும் சாரே. கல்ஃப்ல கெடக்க மக்களுக்குக் கடைசியா முகத்தக் காட்டணும்லா. பெட்டி மூடுறது வரைக்கும் முகத்த விட்டு மாத்தமாட்டோம். முகத்தப் பிடிச்சா பின்ன விடாது.”

“எனக்கு முகம் வேண்டாம் ஈசாக்கே, அலகு போதும்” என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்திருந்தார்.

கொல்லயில் ஊர் வயலுக்குக் கருநாரை வந்திருக்கிறது என்று அவர் எழுதியதற்கு, படம் இருந்தால் நம்பலாம் என்று பறவைச் சங்கத்தார் பதில் போட்டிருந்தார்கள். ஆபீசில் வேலாயுதன், நாரைக்குக் கரி பூசிவிட்டது யாரு சாரே என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாளை அறுப்பு. ஆள் இறங்கினால் நாரை பறந்துவிடும். இன்று காலை விட்டால், சாகும்வரை அவர் பொய்யன்தான்.

மறுபடியும் கண்ணை வைத்தார். வியூஃபைண்டரின் கறுப்பு வெள்ளையில் பதினைந்து அடித் தூரத்துக் கதிர்கள் ஒவ்வொரு மணியும் எண்ணுகிற தெளிவில் நிற்க, அதன் பின்னால் நாரை மை கொட்டிய கறையாகக் கலங்கிக் கிடந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் காற்று. உள்ளே சின்ன மோட்டார் ஈ மாதிரி முனகியது. வளையம் திரும்பியது.

பத்து அடி.

“நாசமாப் போற சாதனம்” என்று ஆட்டோ சுவிட்சை அணைத்துவிட்டு, கையால் திருப்பப் பார்த்தார். வளையம் அவர் விரலை எதிர்த்துத் திரும்பியது. வயல் தவளைகளின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. சேற்று வாடைக்கு மேலே பன்னீரும் உருகிய மெழுகும் வாடிய ரோஜாவும் கலந்து வந்தது.

எட்டு.

நாரை தலை தூக்கியது. அவரைப் பார்க்கவில்லை. அவருக்குச் சற்று முன்னால் எதையோ பார்த்தது. சிறகடித்து எழுந்தது.

“போகாதே, போகாதே.”

போய்விட்டது. ஆத்திரத்தில் கண்ணை எடுக்காமலே வானமெல்லாம் துழாவினார். வானம் தெளியவில்லை.

ஐந்து.

மூன்று.

கண்ணை எடுத்துப் பார்த்தார். வெயில். வரப்பு. யாருமில்லை. ஆனால் லென்ஸ் கண்ணாடியில், வெளிப்பக்கம், ஆவி படர்ந்து மறைந்தது. மறுபடி படர்ந்தது.

ஒரு கண்ணை மட்டும் வைத்தார்.

படம் பளிச்சென்று தெளிந்திருந்தது. தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. மூடிய இமைகள். மூக்கில் அடைத்த பஞ்சு.

பஞ்சு மெல்ல உள்ளே போனது.

வெளியே வந்தது.