பாதியில் நின்ற மழை

ஜெபசீலியின் கையில் மழை பாதியில் நின்றது.

உள்ளங்கையில் விழுந்துகொண்டிருந்த துளிகளின் எடையும் குளிரும் ஒரு நொடியில் இல்லாமல் போயின. எதிரே திரையில் மட்டும் மழை சத்தத்தோடு பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஏழாமலைக்காரனும் போயிட்டான்," என்றார் கிளாட்வின். தூத்துக்குடியில் தொடுவளைக்கென்று மிஞ்சியிருந்த ஒரே விளையாட்டுக்கூடம் அவருடையது. "இப்பதான் அறிவிப்பு வந்துருக்கு. இன்னையோட சேவையகத்த நிறுத்திட்டானாம்."

தொடுவளை முழங்கைக்கு மேல் மாட்டும் ஒரு வளையம். தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகளை அது படிக்கும். அவற்றில் எழுதவும் செய்யும். விரலை அசைக்க நினைத்தால் திரையில் விரல் அசையும். திரையில் மழை பெய்தால் கை நனையும். வந்த புதிதில் அதை வாங்கக் கடைவாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு கண்ணில் மாட்டும் விழிமூடி வந்தது. விலை பாதி, காட்சி இரண்டு மடங்கு. விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயின. வளையைச் செய்த நிறுவனமே அதைக் கைவிட்டுவிட்டது. ஏதாவது ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் சேவையகம் ஓடும்வரைதான் வளைக்கு உயிர். ஏழாமலையும் போனபின் மிச்சம் இருந்தது வெள்ளாப்பு என்ற நிறுவனம் மட்டும்.

"அண்ணாச்சி, வளைகாப்பு முடிஞ்சு பிள்ளையும் பெத்தாச்சு. இன்னும் எதுக்கு எல்லாரும் வளையலப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீய?" என்றான் இசக்கிராஜ். அவன் விழிமூடிக்காரன். ஆனாலும் மாலையானால் தவறாமல் இங்கே வந்துவிடுவான்.

"ஏல, ஒன் விழிமூடியில மழை பெஞ்சா கை நனையுமால?"

"நனையாது அண்ணாச்சி. ஆனா நாளைக்கும் பெய்யும்."

சிலர் சிரித்தார்கள். கிளாட்வின் சிரிக்கவில்லை. "வெள்ளாப்பு போகமாட்டான். அவன் ஆரம்பிச்சதே வளையிலதான்."

"ஏழாமலைக்கும் இதையேதான சொன்னிய? வெள்ளாப்பு இருப்பான், புது விளையாட்டு தருவான், நீங்களும் இங்கனயே உக்காந்து... வெளங்கிரும்."

ஜெபசீலி பேச்சில் சேரவில்லை. அவள் எப்போதும் ஓரத்து நாற்காலிக்காரி. இடது கையை மடியில் வைத்து, கட்டைவிரலால் உறை மாட்டிய சுட்டுவிரலின் நுனியை மெல்ல அழுத்திப் பார்த்தாள். வெள்ளாப்பின் சேவையகம் ஓடிக்கொண்டிருந்ததால் உணர்வு இருந்தது.

அவள் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். முன்பு ஒருமுறை கண்ணாடிக் குழாய் உடைந்து அவளுடைய இடது மணிக்கட்டைக் கிழித்தது. காயம் ஆறியது, விரல்கள் அசைந்தன, தொடுவுணர்வு மட்டும் திரும்பவில்லை. ரத்தம் எடுப்பதற்குக் கண் பெரிதாக உதவாது. இடது சுட்டுவிரலால் அழுத்தித் தேட வேண்டும். உள்ளே ரத்த நாளம் ஈர நூல்போல வழுக்கித் தட்டுப்படும். ஊரில் அதையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். தன் நரம்பு அறுந்தவளால் பிறர் நரம்பைத் தேட முடியாது.

வெள்ளாப்பின் விளையாட்டு ஒன்றோடு மெல்லிய விரலுறை ஒன்று வந்திருந்தது. நிஜப் பொருளைத் தொட்டால் அந்த உணர்வை வளைக்கு அனுப்பும். வளை அதை நரம்பில், காயத்துக்கு மேலே, எழுதும். விளையாட்டுக்காகச் செய்தது. அவள் அதை வேலைக்கான கையுறைக்குள் மாட்டிக்கொண்டாள். கிளாட்வினுக்கு மட்டும் தெரியும். வளையை அவளுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்தவர் அவர்தான்.

செய்யது அன்று கூடத்தில் இருந்தான். சென்னையில் வெள்ளாப்பிலேயே வேலை. தங்கையின் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தான். எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது ஜெபசீலி எழுந்து அவனிடம் போனாள்.

"அண்ணே, நீங்களும் போயிருவீங்களா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "வெள்ளிக்கிழமை முடிவு பண்ணுதாங்க. விற்பனையெல்லாம் யாரும் பாக்குறதில்லம்மா. துடிப்பு ஒண்ணுதான் கணக்கு. அது எறங்கிட்டே வருது."

எந்த வளையும் தன்னை அணிந்தவரின் நாடியையும் நரம்பின் கிளர்ச்சியையும் அளந்துகொண்டே இருக்கும். கூடத்துச் சுவரில் ஒரு பலகை அங்கிருக்கும் எல்லா வளைகளையும் சேர்த்து, அந்தக் கிளர்ச்சியை அறைத் துடிப்பு என்று ஒரே எண்ணாகக் காட்டும். மக்கள் ஒரு பொருளை எவ்வளவு விரும்புகிறார்கள் என்று கேட்டால் பொய் சொல்வார்கள், துடிப்பு பொய் சொல்லாது என்பது வெள்ளாப்பின் கொள்கை.

"அப்ப எல்லாரும் நல்லா விளையாடுனா?"

"பாக்கலாம்," என்றான் செய்யது. குரலில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் கிளாட்வின் கூட்டம் சேர்த்தார். விட்டுப்போனவர்களும் அலமாரியில் கிடந்த வளைகளைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளாப்பின் சிறந்த விளையாட்டு ஓடியது. புயலில் பாய்மரத்தின் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளங்கை எரியும், உப்புநீர் புறங்கையில் அடிக்கும். எல்லோரும் மனதார இழுத்தார்கள். ஜெபசீலி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் நாற்பதைத் தொட்டது. பிறகு மெல்ல இறங்கியது. பலமுறை ஆடிய புயல். எந்த அலை எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது இசக்கிராஜ் உள்ளே வந்தான்.

"என்ன அண்ணாச்சி, எழவு வீடு மாதிரி கூட்டம்? எடுக்கிறது எப்ப?"

"வாய மூடுல."

"மூடுதேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் வளையலக் கழட்டித் தாங்க. எங்க அக்கா மவளுக்குக் காதுகுத்து வருது."

ஒருவன் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தான். வெள்ளாப்பு போனால் வளையைத் தாங்களே ஓட்டுவோம் என்றான். உன்னால் மின்விசிறியே ஓட்ட முடியாது என்றான் இசக்கிராஜ். கிளாட்வின் மேசையில் அறைந்தார். திரையில் பாய்மரம் ஆளில்லாமல் கவிழ்ந்தது.

பலகையில் எண் தொண்ணூறு.

ஜெபசீலி இரண்டு முறை பார்த்தாள். பிறகு இசக்கிராஜிடம் போய், "கொஞ்சம் வெளிய நின்னுட்டு வாங்களேன்," என்றாள்.

"ஏன்? தொரத்துதியளா?"

"இல்ல. திரும்ப வரணும்."

அவள் அவனிடம் பேசியதே அதுதான் முதல்முறை. அவன் குழம்பிப்போய் வெளியே நின்றான். எண் இறங்கியது. கூப்பிட்டாள், வந்தான், பேசினான். எண் ஏறியது. மறுபடி அனுப்பினாள். மூன்றாவது முறை அவன், "நான் என்ன சுவிட்சா?" என்றான். அவள் பலகையையே பார்த்தாள். தன் துடிப்பும் அதில் சேர்ந்திருப்பதை உணர்ந்தாள். வெள்ளிக்கிழமை என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவளுடைய நெஞ்சு ஒரு படி தவறி விழுந்தது.

அன்றே செய்யதைத் தேடிப் போனாள். கல்யாணப் பந்தலுக்கு வெளியே, பிரியாணி அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்று பேசினாள்.

"விளையாடும்போது துடிக்கலண்ணே. போயிருமோன்னு பயப்படும்போதுதான் துடிக்குது. நீங்க அளக்கிற நேரம் தப்பு. அந்த நேரத்தையும் சேத்து அளந்தா வளைக்கு இவ்வளவு ஆள் இருக்காங்கன்னு தெரியும். இத மட்டும் உங்க ஆபீஸ்ல சொல்லுங்க."

செய்யது பந்தலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "நெசமாவே சொல்லவா?"

"சொல்லுங்க. எனக்கு வேலையே இதுலதான் இருக்கு."

அவள் இடது கையை அவன் பார்த்தான். கைபேசியை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. வெள்ளாப்பு தொடுவளையை விட்டுப் போகாது. கூடத்தில் கேக் வெட்டினார்கள். இசக்கிராஜும் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, "பாப்போம்," என்றான்.

புது விளையாட்டு எதுவும் வரவில்லை. ஆனால் செய்திகள் வந்துகொண்டிருந்தன. வெள்ளாப்பு கைமாறப்போகிறதாம். சேவையகத்தை விற்கிறார்களாம். இல்லையாம். யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. செய்யதைக் கைபேசியில் அழைத்தால் அவன் எடுப்பதில்லை. கூடம் நிரம்பி வழிந்தது. யாரும் விளையாடவில்லை, எல்லோரும் வளையை மாட்டிக்கொண்டு விவாதித்தார்கள். விழிமூடிக்காரர்கள் சண்டைக்கென்றே வந்தார்கள். இசக்கிராஜ் ஒரு பழைய வளை வாங்கிக்கொண்டான். அதை மாட்டிக்கொண்டு திட்டினால்தான் நன்றாக இருக்கிறதாம். பலகையில் எண் நூறுக்குக் கீழே இறங்குவதில்லை.

"பிழைச்சிக்கிட்டோம்ல தங்கச்சி," என்றார் கிளாட்வின்.

அவள் தலையாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை பரிசோதனை நிலையத்துக்கு ஒரு சிறுமி வந்தாள். பல நாள் காய்ச்சல். மெலிந்த கை. அம்மா பின்னால் நின்றாள்.

"பயப்படக்கூடாது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றாள் ஜெபசீலி. பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் சுட்டுவிரலை வைத்துத் தேடினாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆழத்தில் ஒரு நூல் வழுக்கியது. வலது கையில் ஊசியை எடுத்தாள்.

விரலில் இருந்து சிறுமியின் கை மறைந்தது.

பார்த்தால் விரல் அங்கேதான் இருந்தது. தோல் அழுந்தியிருந்தது. உணர்வு மட்டும் இல்லை. ஊசி காற்றில் நின்றது. சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. கூடத்துக் குழுவாகத்தான் இருக்கும். அணைஞ்சிட்டு, எனக்கும் அணைஞ்சிட்டு, நான் அப்பவே சொன்னேன்லா. எல்லா ஊரிலும் இந்நேரம் இதே பேச்சாக இருக்கும். உணர்வை நிறுத்தினாலும் வளை துடிப்பை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும்; யாரோ ஒருவர் சென்னையில் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு, எண் போதிய அளவு ஏறியதும் திரும்ப ஓடவிடக் காத்திருப்பார். இந்த வழியை அவருக்குச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும்.

மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். நெஞ்சு கேட்கவில்லை.

"நரம்பு கிடைக்கலியாம்மா?" என்றாள் தாய்.

"பாப்பாக்கு இருக்கு," என்றாள் ஜெபசீலி. "கொஞ்சம் இருங்க."

சிறுமி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்குப் பயமா இருக்கா?"

ஜெபசீலி ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"ஆமா," என்றாள்.

சுட்டுவிரலுக்கு அடியில் நூல் மறுபடி வழுக்கியது. வளைக்கு அவ்வளவு பயம் போதுமாக இருந்தது.