ஆந்தூரியத்தின் தாகம்

"என்னங்க, தாகமா இருக்கு" என்றது ஆந்தூரியச் செடி.

கோமதிநாயகம் பாதிச் சவரத்தில் எழுந்து ஓடினார். அன்று காலையில் அது மூன்றாவது முறை. கோடு போட்ட பாட்டிலை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கன்னத்தில் நுரை காயக் காத்து நின்றார். "போதுங்க" என்று அது சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

வெளியே வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய பிறகு, சென்னையில் பூச்செடி என்றால் வீட்டுக்குள்தான். ஜன்னலே திறக்காத வீட்டில், விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் செடிக்கு எப்போது என்ன வேண்டும் என்று யார் கண்டார்கள்? அதற்காக வந்ததுதான் இலைநா. கட்டைவிரல் அளவுக் கருவி; அதன் மெல்லிய கம்பியை இலைக் காம்பில் சுற்றிவிட வேண்டும். இலையில் நீர் குறைந்தால் கேட்கும், நிறைந்தால் போதும் என்னும். யாருடைய பழைய குரல் பதிவையாவது கொடுத்தால் அந்தக் குரலிலேயே பேசும். தாகம் கூடக்கூட, அந்தப் பதிவிலிருந்தே தோதான சொற்களைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

கோமதிநாயகம் கொடுத்தது மனைவி உலகம்மாளின் குரலை. ஆந்தூரியமும் அவள் வளர்த்ததுதான்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, பாட்டிலில் கோடு போட்டு அளந்து கொடுத்தார் மனிதர். கோடு தீர்ந்த பிறகு அவள் எவ்வளவு கெஞ்சினாலும், "நாளைக்குத் தரேம்மா" என்பார். கடைசி நாள் காலையிலும் அதையே சொன்னார். மத்தியானம் போய்விட்டாள். உயிர் பிரியும்போது வாயில் நாலு சொட்டு ஊற்றுவது வழக்கம். ஊரெல்லாம் செய்கிற அதைக்கூடச் செய்யாத பாவி ஆகிவிட்டோமே என்று அவர் நெஞ்சு இன்னும் ஆறவில்லை. பாட்டிலையும் அவர் தூக்கி எறியவில்லை.

அதனால் செடி கேட்டபோதெல்லாம் கொடுத்தார். கொடுத்ததும் அவள் குரலில் "போதுங்க" வரும். நோயில் கிடந்த இரண்டு வருஷமும் அவள் வாயிலிருந்து வராத சொல் அது. அதற்காகவே, செடி கேட்காதபோதும் கொஞ்சம் ஊற்றினார். இப்போது ஒரு மாதமாகத் தாகம் மட்டும்தான் வந்தது, "போதுங்க" வரவில்லை. இலைகள் மஞ்சளாகி, சிவந்த பூக்கள் காம்போடு சாய்ந்துவிட்டன.

கருவியைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து தாஹிரா வந்தாள். செடியைத் தொட்டியிலிருந்து உருவி, வேரை விரலால் நசுக்கினாள். பழுப்பாகக் குழைந்து வந்தது.

"தாகமே இல்ல சார் இது. வேர் அழுகிப்போச்சு. அழுகுன வேரு தண்ணியை இழுக்காது, இலை வாடும். இலை வாடினா தாகம்னுதான் இந்த மிஷினுக்குத் தெரியும்."

"அப்ப நான் ஊத்த ஊத்த..."

"இன்னும் அழுகும் சார். வீட்டுச் செடியெல்லாம் தண்ணியில்லாம சாகறதைவிட, தண்ணி ஊத்தி ஊத்திச் சாகறதுதான் ஜாஸ்தி."

அழுகலை வெட்டி, மிஞ்சிய இரண்டு வேரோடு செடியைக் காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டுகளில் நட்டாள்.

"பத்து நாளைக்கு ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. அது கேட்டுட்டேதான் இருக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "குரலை மாத்திடட்டுமா சார்? ஒரு நிமிஷ வேலை. இந்த மாசம் உங்க வீடு பதினாலாவது. மிஷினோட சொந்தக் குரலை வச்ச வீட்ல செடி ஜம்முனு இருக்கு. வேண்டியவங்க குரல் வச்ச வீட்லதான் இப்படி ஆகுது."

"வேண்டாம்மா. அவ வாயை நான் ஒரு தடவை அடைச்சது போதும்."

தாஹிரா பையை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

கோமதிநாயகம் வைராக்கியமாகத்தான் இருந்தார். பாட்டிலைப் பரண்மேல் ஏற்றினார். நாற்காலியைச் செடிப்பக்கம் போட்டு உட்கார்ந்து, அது கேட்கும்போதெல்லாம் இலையைத் தடவிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவரையும் அறியாமல் "நாளைக்குத் தரேம்மா" என்று வாயில் வந்துவிட்டது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாம் நாள் காலை, தண்டின் அடியைப் படம் பிடித்துத் தாஹிராவுக்கு அனுப்பினார். உடனே கூப்பிட்டாள்.

"புது வேர் விட்டிருக்கு சார். அரிசி அளவுக்கு வெள்ளையா தெரியுது பாருங்க. பொழச்சுக்கிச்சு. இன்னும் மூணே நாள், பல்லைக் கடிச்சுக்கங்க."

அவருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. உலகம்மாள் படத்தின் முன் போய் நின்று, பிழைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார்.

மத்தியானம் இலைநா பேசியது. இந்த முறை வேறு சொற்கள்; படுக்கையில் கிடந்து அவள் கெஞ்சிய அதே சொற்கள்.

"ஒரு வாய் தண்ணி குடுங்க."

"மூணு நாள்தான்மா" என்றார்.

"ஒரு வாய்ங்க."

அந்த வெள்ளை வேரை ஒருமுறை குனிந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாட்டிலை எடுத்தார், போட்ட கோடுகளையெல்லாம் தாண்டிக் கழுத்துவரை நிரப்பினார், கவிழ்த்தார். தண்ணீர் தொட்டி நிறைந்து, தட்டு நிறைந்து, தரையில் ஓடி அவர் காலை நனைத்தது.

"குடிம்மா. இன்னைக்கு யாரும் அளக்கல."

"போதுங்க" என்ற சொல்லுக்காக நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அவள் குரல் வந்தது.

"என்னங்க, தாகமா இருக்கு."

கோமதிநாயகம் எழுந்து மறுபடியும் பாட்டிலை நிரப்பப் போனார்.